மிருகசீரிடத்தில் ஒரு தூசு

“தூசா? என்ற புள்ளயத் தூசுங்கறயா நீ?”

“உங்க புள்ளயச் சொல்லலீங்க்கா. படத்துல இருக்கற வட்டத்தச் சொல்றன். அது தூசுங்க.”

“பூ வெச்சுட்டுப் போயிட்டாங்க. மண்டபம் பேசியாச்சு. இப்ப வந்து தூசுங்கற. ஊர்ல எடமா இல்ல, உன்ற தூசு என்ற புள்ள நட்சத்திரத்துல போயித்தான் உக்காரோணுமா?”

“நட்சத்திரத்துல உக்காருலீங்க. என்ற கேமராக் கண்ணாடில உக்காந்திருக்குது.”

“அப்பத் தொடைக்கறதுக்கென்ன? கையில சுளுக்கா?”

கேட்டது ருக்குமணியக்கா, மாட்டிக்கொண்டவன் சென்னியப்பன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற தன் தொலைநோக்கியை, அதுதான் திட்டு வாங்குகிறது என்பதுபோல், பரிதாபமாகப் பார்த்தான்.

நான் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். கொடியில் என் துணி ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். ருக்குமணியக்காவின் குரல் படிக்கட்டில் ஏறினால், எங்கள் செல்வலட்சுமி அடுக்ககத்தில் எல்லோருக்கும் மாடியில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். அன்று காலை பாதிக் குடித்தனத்துக்கு வந்திருந்தது.

விஷயம் இதுதான். ருக்குமணியக்காவின் ஒரே மகள் சுகிர்தா. பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பகலெல்லாம் வெளிநாட்டு பையர்களோடு தையல் அளவுக்கும் காலர் அகலத்துக்கும் மல்லுக்கட்டுகிற பெண். பெருந்துறையில் நவநீதன் என்ற மாப்பிள்ளை அமைந்தான். நிச்சயத்துக்குப் பூ வைத்த அன்றிலிருந்து இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று அவள் சிரிப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. சிலர் அதற்காகவே லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கினார்கள். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அதுதான் சங்கடம். பிடிக்காத சம்பந்தமாக இருந்தால் ஒரு வட்டத்துக்கு இத்தனை சத்தம் வந்திருக்காது.

வட்டம் வந்தது வான்படத்தில்.

திருப்பூருக்கு மேலே கண்ணாடிகள் வந்து சில வருடங்கள் ஆகின்றன. பூமியைச் சுற்றிக்கொண்டே, மறைந்துபோன சூரியனின் வெளிச்சத்தை வாங்கி ஊர்மேல் திருப்பிவிடுகிற ராட்சதத் தகடுகள். ராத்திரி ஷிஃப்டுக்கு விளக்கே வேண்டாம், சாயம் போட்ட துணி ராத்திரியிலும் காயும் என்றார்கள். சொன்னதெல்லாம் நடந்தது. ராத்திரி மட்டும் நடக்கவில்லை. இப்போதெல்லாம் இங்கே இருட்டுவது என்றால் துவைத்துத் துவைத்து வெளுத்த சாம்பல் நிறத்தில் ஒரு வானம். விடியும்வரை அப்படியே நிற்கும். பிள்ளைகள் நட்சத்திரத்தை ஸ்டிக்கரில் பார்த்திருக்கின்றன.

நட்சத்திரம் போயிற்றே என்று ஊரில் ஒருவரும் அழவில்லை. இருந்தபோது மட்டும் யார் அண்ணாந்து பார்த்தார்கள்? கலங்கியது ஜோசியர்கள்தான். எவனோ ஒரு துடுக்குக்கார மாப்பிள்ளை, “இருக்குதா இல்லையான்னே தெரியாத நட்சத்திரத்துக்கு எதுக்குங்க பொருத்தம்?” என்று கேட்டுவைத்தான். உடனே அவர்கள் சங்கம் கூடியது. ஜாதகத்தோடு ஜென்ம நட்சத்திரத்தின் வான்படமும் இணைக்கப்பட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. முதலில் அது நட்சத்திரம் இன்னும் இருக்கிறது என்பதற்கு ஆதாரம், அவ்வளவுதான். ஆனால் படத்தில் நட்சத்திரத்தைச் சுற்றிப் புகைமாதிரி ஏதேதோ தெரிந்தது. தெரிகிற ஒன்றுக்குப் பலன் சொல்லாமல் விட ஜோசியருக்கு மனசு வருமா?

இந்தச் சமயத்தில்தான் எங்கள் சென்னியப்பன் தொலைநோக்கி வாங்கினான். சாயப்பட்டறையின் லேபில் வேலை. பையர் அனுப்பிய துண்டுத் துணியின் ஷேடுக்கு நம் துணியின் ஷேடு ஒத்துவருகிறதா என்று பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிற உத்தியோகம். கல்யாணம் ஆகவில்லை, ஆகாதவனுக்கு ஒரு செலவு வேண்டுமல்லவா என்று நாங்கள் விட்டுவிட்டோம். புதிதாகக் கற்றுக்கொண்டவனுக்கே உரிய வாய் அவனுக்கு. மாடிக்குத் துணி காயப்போட வந்தவர்கள் எல்லோரும் வானியல் பாடம் கேட்டுத்தான் இறங்க வேண்டும்.

“இத்தன செலவு பண்ணிக் கறுப்பு வெள்ளைக் கேமரா வாங்கியிருக்கியே, கலர் கேமரா கெடைக்கலயா தம்பி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கலர் கேமராவுல ஒவ்வொரு புள்ளியும் பச்சைக்கு, செவப்புக்கு, நீலத்துக்குன்னு பங்கு பிரிச்சுக்குமுங்க. இதுல எல்லாப் புள்ளியும் வர்ற வெளிச்சத்த முழுசா வாங்கிக்கும். முன்னாடி ஒரு வடிகட்டி வெச்சிருவன். ஹைட்ரஜன் வாயு ஒரே ஒரு செவப்புலதான் ஒளிருமுங்க. அந்தச் செவப்ப மட்டும் உள்ள உட்டுட்டு மத்ததையெல்லாம் அந்த வடிகட்டி நிறுத்திப்போடும். கண்ணாடி வெளிச்சம் எல்லா நெறமும் கலந்ததுங்களா, பெரும்பாலும் வெளியவே நின்னுக்கும். அதனாலதான் இந்த வெளுத்த வானத்துலயும் படம் வருது.”

“ஒரு போட்டோவுக்கா ராவெல்லாம் தொலைநோக்கிக் குழாயத் தொறந்து வெச்சிருக்கற?”

“ஒண்ணில்லீங்க. ஹைட்ரஜனுக்கு ஒரு கட்டுப் படம், கந்தகத்துக்கு ஒரு கட்டு, ஆக்சிஜனுக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டையும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கோணும். அப்பறந்தான் கலரு.”

“கலர் நீயா போடறதா?”

“கந்தகமும் செவப்பு, ஹைட்ரஜனும் செவப்பு. அப்படியே உட்டாப் பிரிச்சுப் பாக்க முடியாதுங்களே. அதனால கந்தகத்துக்குச் செவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம்னு ஒரு ஏற்பாடு. நம்ம ஷேடு கார்டு மாதிரிதானுங்க.”

கேட்டதை நான் ரகசியமாகத்தான் இரண்டு பேரிடம் சொன்னேன். அதன்பிறகு வான்படம் கேட்டு வந்த பெண்வீட்டார், “கொஞ்சம் மங்களகரமா மஞ்சள் கூட்டிப் போடு தம்பி” என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். அவனும் போட்டான். ஊரில் அந்த வருடம் நிச்சயமான பெண்களின் நட்சத்திரங்களெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்தன.

சுகிர்தாவுக்கு மிருகசீரிடம். குறை சொல்ல ஒன்றுமில்லாத நட்சத்திரம். தை மாதத்தில் சென்னியப்பன் அவளுக்குப் படம் எடுத்துக் கொடுத்தான். அழகான படம், பொன்னிறப் புகைக்குள் சின்ன நட்சத்திரங்கள். வலது கீழ் மூலையில் மட்டும் வளையல் போல ஒரு மங்கலான கறுப்பு வட்டம். பெருந்துறைக்காரர்களின் ஜோசியர் வள்ளிநாயகம் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “வளையத் தோசம்” என்றார். அப்படி ஒன்றை அதற்குமுன் எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அதுவே அதற்கு மரியாதையைக் கொடுத்தது. மாமியாரின் ஆயுளுக்கு ஆகாது என்று பலனும் சொன்னார். அந்த மாமியார் சம்பூரணம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேறென்ன ஆகும்?

மாடியில் நடந்த சண்டை முடிந்த மறுநாள், ருக்குமணியக்கா வீட்டுக் கூடத்தில் பேச்சுவார்த்தை. சம்பூரணம், நவநீதன், ஜோசியர் மூவரும் வந்திருந்தார்கள். சுகிர்தாவின் அப்பா தங்கவேலு எதிரே உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் படித்துக்கொண்டிருந்தார். காப்பி டம்ளர் போதவில்லை என்று ருக்குமணியக்கா சொன்னதாக எனக்குத் தோன்றியதால் நான் நாலு டம்ளரோடு போயிருந்தேன்.

சென்னியப்பன் சொல்லிப் பார்த்தான். “கேமராக் கண்ணாடில ஒரு பொடித் தூசு உக்காந்தா, அதோட நிழல் படத்துல வட்டமா உழுமுங்க. அத எடுக்கறதுக்கு ஒரு வழி இருக்குது. குழாய் வாய்ல வெள்ளத் துணிய இழுத்துக் கட்டி, சீரான வெளிச்சத்தக் காட்டி ஒரு படம் எடுக்கோணும். அதுல வானம் இருக்காது, தூசு நிழல் மட்டுந்தான் இருக்கும். இத வெச்சு வான்படத்த வகுத்தா வட்டம் போயிரும். அந்தப் படத்த நான் எடுக்காம உட்டுட்டனுங்க.”

“ஏன் உட்ட?” என்றார் தங்கவேலு. அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

“வெள்ளத் துணி கைக்குக் கெடைக்கலீங்க.”

திருப்பூரில். பனியன் துணி ரோட்டில் உருண்டு வந்து காலைச் சுற்றுகிற ஊரில். ஜோசியருக்கே ஒரு கணம் சிரிப்பு வந்தது.

நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஏனுங், போன கார்த்திகையில சாயப்பட்டறை மொதலாளி பையன் அர்ஷவர்த்தன் கல்யாணத்துல, மண்டப வாசல்ல அவரோட வான்படத்த ஃப்ளெக்ஸ் அடிச்சு வெச்சிருந்தாங்களே. அதுலயும் இதே மூலையில இதே வட்டம் இருந்துச்சே. அந்தப் படமும் சென்னியப்பன்தான எடுத்தது?” என்றேன்.

எல்லோரும் ஜோசியரைப் பார்த்தார்கள். அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே ‘சக்கர யோகம்’ என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது எல்லோருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். பலன் சொன்னவரும் இதே வள்ளிநாயகம்தான்.

அவர் அசரவில்லை. ஒரு வாய் காப்பி குடித்தார். “ஆம்பளைக்கு அது சக்கரம், பொம்பளைக்கு அது சுழி” என்றார்.

சம்பூரணம் தலையாட்டினார். இத்தனை தெளிவாக ஒருவர் சொன்னபிறகு என்ன சந்தேகம்? பரிகாரமும் வந்தது: பெண் ஒரு மண்டலம் வெளியே போகும்போதெல்லாம் தலையில் புது வெள்ளைத் துணி போட்டுக்கொள்ள வேண்டும், அண்ணாந்து பார்க்கக் கூடாது.

கதவோரம் நின்ற சுகிர்தா அப்போதுதான் வாயைத் திறந்தாள். ஆனால் ஜோசியரிடம் பேசவில்லை. “சென்னியப்பண்ணா, இதுக்கு முன்னாடி எத்தன பேருக்கு இந்த வட்டத்தக் குடுத்திருக்கீங்க?”

“பாக்கலயே அம்மிணி.”

“பாருங்க.”

அவன் பார்த்தான். எத்தனை என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கணக்கம்பாளையத்துச் சத்தியபாமாவை எங்களுக்கெல்லாம் தெரியும். மழைக்காலம் முழுவதும் தலையில் வெள்ளைத் துணியோடு கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பெண். பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். என்னவோ வேண்டுதல் என்று நினைத்திருந்தோம். அதுவும் எங்கள் மாடியில் உட்கார்ந்த தூசுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

சென்னியப்பன் இரண்டு நாள் லேபுக்கு லீவு போட்டான். வெளுத்த பனியன் துணியை எங்கள் வீட்டிலேயே வாங்கிப் போய், சுருக்கமில்லாமல் குழாயின் வாயில் இழுத்துக் கட்டி, விட்டுப்போன படத்தை எடுத்து, பழையதை அதனால் வகுத்தான். வட்டம் போய்விட்டது. மூலையிலும் அதே பொன்னிறப் புகை. ருக்குமணியக்கா அதைப் பூஜை அலமாரியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பெருந்துறைக்கு அனுப்பினார்.

பெருந்துறையிலிருந்து பதில் உடனே வந்தது. “தோசத்தத் துணி போட்டுத் தொடச்சு அனுப்பியிருக்கீங்களே, நாங்க என்ன கண்ணு தெரியாதவங்களா?”

ஆக, தோஷம் மட்டும் இருந்த பெண்ணுக்கு இப்போது மோசடியும் சேர்ந்தது. தங்கவேலு சாயங்காலம் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். ருக்குமணியக்கா சென்னியப்பனைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

சுகிர்தா நவநீதனுக்கே போன் செய்தாள். “ஒரு தடவ நேர்ல வந்து பாருங்க. உங்க கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணுங்க.” வந்தான். மாசி மாதம், மிருகசீரிடம் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே உச்சந்தலைக்கு நேராக வந்துவிடும். வெறும் கண்ணுக்கு அங்கே சாம்பல் வெளுப்பைத் தவிர ஒன்றுமில்லை. தொட்டிக்கு இந்தப் பக்கம் சென்னியப்பன், அந்தப் பக்கம் அவர்கள் இருவர். நான் அப்பளம் காயவைத்திருந்தேன். ஏழு மணிக்கு அப்பளம் காயுமா என்று கேட்பவர்களுக்கு, கண்ணாடி எதற்கு இருக்கிறது என்பதுதான் பதில்.

சுகிர்தா எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். ஹைட்ரஜன் வடிகட்டியை வைத்து ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டினாள். கறுப்பு வெள்ளையில் புகை மங்கலாகத் தெரிந்தது. வலது கீழ் மூலையில் வட்டம்.

“இது நட்சத்திரத்தச் சேந்ததுன்னா, கேமராவத் திருப்பினா என்ன ஆகோணும்?”

நவநீதன் யோசித்தான். படித்த பையன்தான். “புகை திரும்பற மாதிரியே வட்டமும் சேந்து திரும்போணும்.”

“கேமராவச் சேந்ததுன்னா?”

“புகை திரும்பும். வட்டம் அதே மூலையில நிக்கும்.”

அவள் கேமராவைக் கால்வட்டம் திருப்பி முடுக்கினாள். இன்னொரு படம் வரும்வரை மூன்று பேரும் திரையையே பார்த்தார்கள். திரையில் வந்தது. புகை பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வட்டம் வலது கீழ் மூலையில், அசையாமல், சம்பந்தியைப் போல உட்கார்ந்திருந்தது.

“நல்லாப் புரியுதுங்க. தூசுதான்” என்றான் நவநீதன்.

சுகிர்தா சிரித்தாள். படிக்கட்டில் நின்று சிரிப்பாளே, அதே சிரிப்பு. ரொம்ப நாளைக்கப்புறம்.

“ஆனா அம்மாவுக்கு இதெல்லாம் புரிய வெக்க முடியாதுங்க” என்று அவன் தொடர்ந்தான். “ஒரு மண்டலந்தான? அந்தத் துணியப் போட்டுட்டீங்கன்னா எல்லாருக்கும் நிம்மதி.”

“தூசுன்னு தெரிஞ்சும் போடச் சொல்றீங்க.”

“தெரிஞ்சதாலதான் தைரியமாச் சொல்றன். ஒண்ணும் ஆகாதில்ல?”

அவள் அவனையே பார்த்தாள். கம்பெனியில் தைத்து வந்த பீஸ் தேறுமா தேறாதா என்று பார்க்கிற பார்வை அப்படித்தான் இருக்குமோ என்னவோ. பிறகு கொடியில் தொங்கிய அந்தப் பனியன் துணியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“இது குழாய்க்குப் போடற துணிங்க. எனக்கு அளவு சேராது. ஊருக்குக் கடைசி பஸ் போயிரப் போகுது, கெளம்புங்க.”

அவன் துணியை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு இறங்கிப் போனான். அவள் கேமராவைப் பழையபடி திருப்பிவைத்தாள். அதற்கப்புறம் தொட்டிக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றாள். நான் அப்பளத்தை எடுக்காமல் இறங்கிவிட்டேன். எனக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு.

பூ வைத்தது முறிந்தது. ருக்குமணியக்கா ஒரு வாரம் மகளோடு பேசவில்லை. “துணிதான, போட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பா?” என்று என்னிடம் அழுதார். சத்தியபாமாவைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தவர்தான் அவரும்.

பெருந்துறைக்காரர்கள் காத்திருக்கவில்லை. ஆனி மாதத்திலேயே நவநீதனுக்குத் தாராபுரத்தில் பெண் அமைந்தது. பெண்ணுக்கும் மிருகசீரிடமே. வான்படத்துக்கு அவர்கள் ஆள் விசாரித்து வந்து நின்றது எங்கள் சென்னியப்பனிடம். இப்போது துணி கட்டிச் சுத்தமாக எடுக்கிறான் என்று பெயர். ஆனியில் சூரியனே மிருகசீரிடத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். பகலில் உதித்துப் பகலிலேயே அடையும் நட்சத்திரத்தை எவனும் படம் எடுக்க முடியாது. சென்னியப்பன் அதைச் சொல்லிப் பார்த்தான். முகூர்த்தத்தைத் தள்ள முடியாது என்றார்கள். அவன் சுகிர்தாவுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டான். “குடுத்திருங்கண்ணா” என்றாளாம்.

கொடுத்துவிட்டான். துடைத்து அனுப்பியது என்று திரும்பி வந்ததே, சுகிர்தாவின் அதே படம். வள்ளிநாயகம் பெரிதாக்கிப் பார்த்து, தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, இத்தனை நிர்மலமான மிருகசீரிடத்தைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்றார். அந்த மாதம் சூரியன் எங்கே இருக்கிறான் என்பது தினமும் பஞ்சாங்கம் புரட்டுகிற அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்ததால்தான் தைரியமாகச் சொன்னாரோ என்னவோ. மண்டப வாசலில் ஃப்ளெக்ஸும் வைத்தார்கள். நான் போயிருந்தேன். சாப்பாடு பரவாயில்லை.

சென்னியப்பனுக்கு அடுத்த வருடம் பல்லடத்தில் கல்யாணம். பெண்ணின் வான்படத்தை அவன் அம்மா கேட்டார், அவனே எடுத்தான். எங்கள் மாடித் தொலைநோக்கி இப்போது அவன் மாமனார் வீட்டு மாடியில் நிற்கிறது. அர்ஷவர்த்தனுக்கும் அவன் மனைவிக்கும் ஒத்துவராமல் அவள் தாய்வீட்டுக்கு, ஈரோட்டுக்கே போய்விட்டாள். சக்கர யோகம் அவனிடம் இருக்கிறது. சத்தியபாமா வெள்ளகோவிலில் வாழ்க்கைப்பட்டு இருக்கிறாள். மாமியாருக்கு நல்ல ஆரோக்கியம்.

சுகிர்தாவை அவள் கம்பெனி எத்தியோப்பியாவில் திறந்த யூனிட்டுக்கு அனுப்பிற்று. அங்கே கண்ணாடிகள் இல்லை. சாயங்காலம் ஆனால் இருட்டிவிடுகிறதாம். போய் ஒன்றரை வருடத்தில் அங்கேயே கட்டிங் செக்‌ஷனில் இருக்கும் ஒரு கரூர்க்காரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மறுநாள்தான் போனில் சொன்னாள். ருக்குமணியக்கா அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, கடைசியில் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, பையனுக்கு என்ன நட்சத்திரம் என்றார்.

“கேக்கலியே மா” என்றாள்.